பையில் நசுங்கும் லேப்டாப் திரை

தினமும் பையில் போட்டு எடுத்துப் போகும் லேப்டாப்புக்குக் கீழே விழுவது மட்டுமல்ல, நசுங்குவதும் பெரிய ஆபத்து. காலை நேரத்துத் தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் முதுகுப்பை மேல் நாலு பேர் சாய்ந்தால், மேல்மூடி உள்ளே வளைந்து திரை கீபோர்டில் உரசும். விரல் எண்ணெய் ஏறிய பட்டன்கள் திரையில் கட்டம் கட்டமாகத் தடம் பதிப்பது இப்படித்தான்.

தடத்தைப் பார்த்ததும் அழுத்தித் தேய்க்காதீர்கள். லேப்டாப்பை அணைத்துவிட்டு, முதலில் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் தூசியை மெல்லத் தட்டி எடுங்கள். பீச்சுக்குப் போய்வந்த பை என்றால் மணல் கட்டாயம் இருக்கும். பிறகு துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். திரைமேல் நேராகத் தெளித்தால் கீழ் விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும். ஜன்னல் கண்ணாடிக்கான திரவம் வேண்டவே வேண்டாம், அம்மோனியா இருந்தால் திரை மேலுள்ள மெல்லிய பூச்சைக் கெடுக்கும். காய்ந்ததும் போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். தடம் போயிருந்தால் வெறும் எண்ணெய். இன்னும் தெரிந்தால் பூச்சே தேய்ந்திருக்கிறது, அது திரும்ப வராது.

வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்க வைத்தும் பாருங்கள். மங்கலான வெளிச்சத் திட்டுகள் தெரிந்தால், பேனலுக்கு, அதாவது படம் காட்டும் திரைப் பாகத்துக்கு, பின்னால் ஒளியைப் பரப்பும் தாள்கள் அழுத்தத்தில் நசுங்கியிருக்கின்றன. பல நேரம் சார்ஜரின் செங்கல் போன்ற கனமான பெட்டிதான் காரணம். அதை முன்பக்க அறைக்கு மாற்றுங்கள். லேப்டாப்பின் மேல்மூடி உங்கள் முதுகைப் பார்க்கட்டும், விறைப்பான அடிப்பக்கம் டிபன் பாக்ஸைப் பார்க்கட்டும். கூட்டத்தில் பையை மார்புப் பக்கம் மாட்டுவது எப்போதும் நல்லது. லேப்டாப் அறைக்குள் கைவிட்டுப் பாருங்கள்: அடியில் தரை தட்டுப்பட்டால் 1 செ.மீ. ஃபோம் வெட்டிப் போடுங்கள்.

சிலிகோன் கீபோர்டு கவரை மூடும்முன் கழற்றிவிடுங்கள். கேமரா மூடியும் அப்படித்தான், மேக்புக்குக்கு 0.1 மி.மீ.க்கு மேல் தடிமன் கூடாது என்று ஆப்பிளே சொல்கிறது. லேப்டாப்பை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ, கத்திரி வெயிலில் பூட்டிய காரிலோ வைக்காதீர்கள்.

திறக்கும்போது மேல் விளிம்பின் நடுவில் பிடியுங்கள். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் மூடி முறுக்கிக்கொள்ளும். ஹிஞ்ச் (மூடியின் கீல்) ஸ்க்ரூ பிடித்திருக்கும் பிளாஸ்டிக் விரிசல் விடும். திரைக்கான கேபிளும் அந்த வழியாகத்தான் போகிறது. குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் படம் துடித்தால் முதலில் கேபிளைச் சோதிக்கச் சொல்லுங்கள். பேனலை மாற்றத் தேவையே இல்லாமல் போகலாம்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் வேறு வேறு பேனல்கள் வரும். பழைய பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள எண், கேபிள் சொருகும் இடத்தில் 30 பின்னா 40 பின்னா, பக்கவாட்டில் ஸ்க்ரூ மாட்டும் காது உண்டா என்று மூன்றையும் ஒப்பிடுங்கள். பணம் கொடுக்கும்முன் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என முழுத்திரைப் படங்களைப் போட்டு, மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்.