நாற்றம் நின்றால் ஆபத்து நின்றதா? கந்தகச் சேர்மங்களில் நடக்கும் தவறுகள்

"நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்." கழிவுநீர்த் தொட்டியோ எண்ணெய் டேங்க்கோ, கந்தகம் புழங்கும் இடத்தில் இதைவிட ஆபத்தான பேச்சு இல்லை.

அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் அழுகிய முட்டை நாற்றத்தை, காற்றில் அது 1 பிபிஎம்கூட இல்லாதபோதே மூக்கு பிடித்துவிடும். அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் 100 பிபிஎம்மை எட்டினால் சில நிமிடங்களில் மோப்ப உணர்வு மரத்துப்போகும். வாயு அங்கேயேதான் இருக்கும், நாற்றம்தான் காணாமல் போகும். 500ஐத் தாண்டினால் ஆள் சரிந்துவிடுவார். 1000 என்றால் ஓரிரு மூச்சே போதும். 1950இல் மெக்சிகோவின் போசா ரிக்காவில், இயற்கை எரிவாயுவைச் சுத்திகரிக்கும் ஆலையிலிருந்து இது கசிந்தது அரை மணி நேரம்கூட இல்லை. 22 பேர் இறந்தார்கள்.

சரி, வாயுவை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தோமே என்பார்கள். எங்கே வைத்தீர்கள்? மூடியருகே காட்டி, பூஜ்யம் வந்ததும் அணைத்துவிடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. இந்த வாயு காற்றைவிடச் சற்றுக் கனமானது, அடியில் தேங்கும். மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் குழாயை இறக்கி அளக்க வேண்டும். அப்போதும் பூஜ்யமே வரலாம், ஏனென்றால் மீதி வாயு சேற்றுக்குள் அடைபட்டிருக்கிறது. இறங்கியவர் மண்வெட்டியால் ஒரு கிளறு கிளறியதும், குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது மொத்தமாகக் கிளம்பும். அதனால் வேலை முடியும்வரை மீட்டர் அவர் சட்டையிலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

உள்ளே ஒருவர் விழுந்ததும் அடுத்தவர் குதிப்பதுதான் இதில் மிகக் கொடுமை. ஈரத்துணியும் தூசி மாஸ்க்கும் இந்த வாயுவைத் தடுக்காது. காற்று சிலிண்டர் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. இறங்குபவர் இடுப்புப் பட்டையில் முதலிலேயே கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுத்துவிடலாம்.

கழிவுக் குழாயில் அடைப்பு என்று அமிலம் ஊற்றுவார்கள். அந்தக் கழிவில் சல்ஃபைடு இருந்தால், இதே வாயுவை நாமே தயாரிக்கிறோம்.

கந்தக அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும் என்று பள்ளியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதிகம் பேசப்படாத தவறு இன்னொன்று: நீர்த்த அமிலம் சாது என்ற நினைப்பு. அடர் அமிலத்தைச் சாதாரண எஃகு டேங்க் தாங்கும், உட்சுவரில் இரும்பு சல்ஃபேட் படலம் படிந்து காப்பதால். காலி டேங்க்கைத் தண்ணீர் விட்டு அரைகுறையாகக் கழுவினால் படலம் கரைந்து, மிச்ச அமிலம் நீர்த்து, எஃகைத் தின்று ஹைட்ரஜனை வெளியிடும். அப்புறம் அதன் மேல் வெல்டிங் பொறி பட்டால் டேங்க் வெடிக்கும்.

பெட்ரோலிய டேங்க்கில் நேர்மாறு. அங்கே உட்சுவரில் படிந்த இரும்பு சல்ஃபைடு உலர்ந்து காற்றுப் பட்டாலே தானாகத் தீப்பற்றும். அங்கே படிவைச் சுரண்டி வெளியேற்றும்வரை தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். சுரண்டிய கறுப்புத் தூளைக் காய்ந்த குப்பையோடு கொட்டினால், தீ குப்பைமேட்டில் பிடிக்கும்.