எப்போதாவது மட்டும் ஸ்டார்ட் ஆகாத பெட்ரோல் கார்: எரிபொருள் பக்கம் பழுது பார்ப்பது எப்படி?

காலையில் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் முதல் திருப்பிலேயே ஓடும். இத்தகைய பழுதை, அது இருக்கும் நேரத்திலேயே அளந்தால்தான் பிடிக்க முடியும். பாட்டரியும் ஸ்டார்ட்டரும் சரியாக இருப்பதாக வைத்துக்கொண்டு, போர்ட் இன்ஜெக்‌ஷன் (காற்று நுழையும் வழியில் பெட்ரோலைத் தெளிக்கும்) இன்ஜினைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

படி 1. எப்போது மக்கர் செய்கிறது என்று குறித்துவையுங்கள். இரவு முழுவதும் நின்ற பிறகா, சூடான இன்ஜினைச் சற்று நேரம் நிறுத்திய பிறகா என்பது பின்னர் உதவும்.

படி 2. ஸ்டார்ட்டரைத் தொடாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, பெட்ரோல் டாங்க் இருக்கும் பக்கம் காது கொடுங்கள். பெரும்பாலான கார்களில் பம்ப் ஓரிரு வினாடிகள் ரீங்காரமிட்டு அடங்கும். மக்கர் செய்யும் நேரத்தில் அந்த ஒலியே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே (பம்புக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்), வயரிங், பம்ப் மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ரிலேயை அதே எண்ணுள்ள வேறொன்றுடன் மாற்றிப் பார்ப்பதே எளிது. பம்ப் கனெக்டரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க, மல்டிமீட்டரைவிட 21 வாட் பல்பையே நான் விரும்புகிறேன். கருகிய ரிலே முனை வழியாகவும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும், பல்போ மங்கலாக எரிந்து காட்டிக்கொடுக்கும். பொறி பறக்காதிருக்க, பல்பை இணைத்த பிறகே இக்னிஷனை ஆன் செய்யுங்கள்.

படி 3. ஒலி கேட்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால், இக்னிஷனை மூன்று முறை ஆன், ஆஃப் செய்து, ஒவ்வொரு முறையும் பம்ப் அடங்கும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால், நின்றிருந்த நேரத்தில் குழாயில் அழுத்தம் இறங்கிவிட்டது என்ற சந்தேகம் வலுக்கிறது.

படி 4. பலரும் தடுமாறும் இடம் இதுதான். பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, துணியால் போர்த்தியபடி ஃபியூயல் ரெயிலின் (பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு அதைப் பகிரும் குழாய்) டெஸ்ட் வால்வில் பிரஷர் கேஜை மாட்டி, ஃபியூஸைத் திரும்பப் போடுங்கள். பெட்ரோல் வடிக்கும் சிறு குழாயுடன் வரும் கேஜையே வாங்குங்கள். அது இல்லாததைக் கழற்றும்போது கையெல்லாம் பெட்ரோல்தான். பல கார்களில் 3 முதல் 4 பார் வரை காட்டும். உங்கள் காருக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

ஓடும்போது அளவு சரியாக இருப்பதைப் பார்த்து, எரிபொருள் பக்கம் குறையில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இன்ஜினை அணைத்த பிறகுதான் முள்ளைக் கவனிக்க வேண்டும். முதலில் சற்று இறங்கி நின்றுவிடுவது இயல்பு. என் காரிலோ அது கண்ணெதிரே வழுக்கிக்கொண்டு பூஜ்யத்துக்குப் போனது. அழுத்தத்தை மீண்டும் ஏற்றி, பம்ப் அடங்கியதும் ரெயிலுக்கு வரும் ரப்பர் குழாயை கிளாம்ப் கொண்டு அழுத்திப் பிடித்தேன், முள் அசையவில்லை. ஆகவே கசிவு டாங்க் பக்கம், அதாவது பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்க பம்பினுள் இருக்கும் செக் வால்வில். பம்ப் தொகுப்பை மாற்றியதும் சரியாகிவிட்டது. கிளாம்ப் போட்டும் முள் இறங்கினால் இன்ஜெக்டரையோ, ரெயிலிலேயே ரெகுலேட்டர் (அழுத்தத்தைச் சீராக வைப்பது) உள்ள காரில் அதையோ சந்தேகிக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் மட்டும் கிளாம்ப் போடாதீர்கள், விரிசல் விடும். அத்தகைய காரில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எது பெட்ரோலில் நனைந்திருக்கிறது என்று பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி சுற்றினால் மட்டும் பிடிக்கிற காரிலும் இன்ஜெக்டர் கசிவே முதல் சந்தேகம்.

பின்சேர்க்கை: அழுத்தம் சரியாக இருந்தும் சூட்டில் மட்டும் மறுக்கிறது என்று சிலர் எழுதியிருந்தனர். ஸ்டார்ட்டர் சுற்றும்போது, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் ஆர்.பி.எம். பூஜ்யமாகவே இருந்தால் இன்ஜின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைத் தெளிக்கும்) கார் வைத்திருப்பவர்கள் உயர் அழுத்தக் குழாயைத் திறக்கவே வேண்டாம். அங்கே அழுத்தம் 100 பாரையும் தாண்டும், ரெயில் அழுத்தத்தை ஸ்கேனரிலேயே படித்துக்கொள்ளலாம்.