எஞ்சிய நோய்ப் பரிசோதனை: ‘இல்லை’ என்று எழுதும் முன்

குழாயில் பெயரை மாற்றி ஒட்டுவது, பிப்பெட் முனையை மாற்ற மறப்பது எல்லாம் யாராவது ஒருமுறை திட்டினாலே சரியாகிவிடும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் சிகிச்சைக்குப் பிறகும் மிஞ்சியிருக்கும் புற்றுச்செல்லைத் தேடுகிற, எம்.ஆர்.டி. எனப்படும் எஞ்சிய நோய்ப் பரிசோதனை செய்ய வருகிற புதியவர்களிடம் நான் பார்க்கிற தவறுகள் வேறு ரகம்.

எத்தனை செல் பார்த்தோம் என்று தெரியாமலே ‘இல்லை’ என்பது

இதைக் கண்டால் இன்றும் எரிச்சல் வரும். ஒரு மனித செல்லில் இருக்கும் டிஎன்ஏ சுமார் 6.6 பிகோகிராம். ஒரு லட்சம் செல்லைச் சோதித்தேன் என்று சொல்ல 660 நானோகிராமாவது பி.சி.ஆருக்குள், அதாவது டிஎன்ஏவைப் பெருக்கித் தேடும் சோதனைக்குள் போயிருக்க வேண்டும். அண்மையில் புதுப் பையன் ஒருவன் ரிப்போர்ட்டை நீட்டினான்: ‘நோய் அடையாளம் இல்லை, உணர்திறன் லட்சத்தில் ஒன்று.’

“எவ்வளவு டிஎன்ஏ போட்டே தம்பி?”

ஒர்க்‌ஷீட்டைப் புரட்டிவிட்டு, “60 நானோகிராம் சார்” என்றான்.

அதாவது சுமார் 9,000 செல். லட்சத்தில் ஒன்று கிடக்கட்டும்; முதல் கட்ட சிகிச்சை முடிந்ததும் டாக்டர்கள் பார்க்கிற எல்லையே 0.01 சதவீதம், பத்தாயிரத்தில் ஒரு செல். சரியாக அந்த அளவு நோய் மிச்சம் இருந்தாலும், 9,000 செல்லில் ஒன்றுகூடச் சிக்காமல் போக 40 சதவீத வாய்ப்பு உண்டு. லட்சத்தில் ஒன்றைப் பிடிப்பேன் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல மூன்று லட்சம் செல் வேண்டும். ஏறத்தாழ 2 மைக்ரோகிராம்.

கீமோ எடுத்த குழந்தையின் ரத்தத்தில் வெள்ளணு குறைவு, டிஎன்ஏவும் குறைவாகத்தான் வரும். அது யார் குற்றமும் இல்லை. ஆனால் அந்த ‘இல்லை’யை நம்பித்தான் அடுத்த கட்ட மருந்தை முடிவு செய்வார்கள். ‘சோதித்தது 9,000 செல், முடிவு சொல்லப் போதாது’ என்று மாற்றி எழுதச் சொன்னேன். மறு சாம்பிள் வந்தது. அதில் நோய் இருந்தது.

ரத்தத்தையும் மஜ்ஜையையும் ஒரே கிராஃபில் போடுவது

டி வகை வெள்ளணுவில் தோன்றும் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றில், ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் நோயின் அளவு ஓரளவு ஒத்துப்போகும். குழந்தைகளிடம் அதிகம் காணும் பி வகையில், ரத்தத்தில் அளவு பத்து மடங்கோ அதற்கு மேலோ குறைந்திருக்கலாம். போன மாதம் மஜ்ஜை, இந்த மாதம் ரத்தம், கோடு கீழே இறங்குகிறது என்று சந்தோஷப்பட என்ன இருக்கிறது?

முதல் சாம்பிளைத் தீர்த்துவிடுவது

நோய் எதிர்ப்புச் செல்களில் இருக்கும் இம்யூனோகுளோபுலின், டி-செல் ரிசெப்டார் மரபணுக்கள் வெட்டி ஒட்டப்பட்ட இடம் ஒவ்வொரு குழந்தையின் புற்றுச்செல்லிலும் தனி. பின்னால் நாம் தேடுகிற அடையாளம் அதுதான். சிகிச்சைக்கு முன் எடுத்த, நோய் நிறைந்திருக்கும் முதல் சாம்பிளில்தான் அது தெளிவாகத் தெரியும். இரண்டு அடையாளமாவது எடுத்து வையுங்கள். நோய் திரும்பும்போது ஒன்று காணாமல் போகலாம்.

ஹெப்பாரின் குழாய்

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் பி.சி.ஆரைக் கெடுக்கும். அதே வேலையைச் செய்யும் ஈ.டி.டி.ஏ. போட்ட குழாயில் வாங்குங்கள்.

பிளாஸ்மாவை நாளைக்குப் பிரிக்கலாம் என்பது

கூடாது. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் மிதக்கும் டிஎன்ஏவைப் பார்க்கும்போது, தாமதித்தால் வெள்ளணு உடைந்து அதன் டிஎன்ஏவும் கலந்துவிடும்.

இணைவு மரபணு தெரிந்தாலே நோய் என்பது

குழந்தைகளின் ரத்தப் புற்றில் காணும், இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்ட ஈ.டி.வி.6-ரன்எக்ஸ்1 இணைவு, பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேரிடம் வரை இருப்பதாக ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. நன்றாக இருக்கும் குழந்தைக்கு இதை ஸ்கிரீனிங்காகச் செய்து தரச் சொல்லி யாராவது கேட்டால், மறுத்துவிடுங்கள்.