1954 ஆகஸ்ட் 11-ஐத் தேடிப் போவது எப்படி? குமரி வரலாறு படிக்க ஒரு செய்முறை

"எங்க ஊர் வரலாறு" என்று பொதுவாகக் கிளம்பினால் கையில் ஒன்றும் சிக்காது. ஒரே ஒரு நாளைப் பிடியுங்கள். குமரிக்காரர்களுக்கு நான் சொல்வது 1954 ஆகஸ்ட் 11. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தில், மார்த்தாண்டம், புதுக்கடை பக்கம் போலீஸ் சுட்ட நாள்.

1. அன்று யார் ஆட்சி என்று பாருங்கள்

அப்போது குமரி மாவட்டமே கிடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள், பிறகு கேரளத்தில் சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1-ல்தான் இந்தப் பக்கம் வந்தன. ஆகவே அதற்கு முந்திய அரசுக் கோப்புகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஓட வேண்டாம். திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுங்கள். கேரள ஆவணக் காப்பகம் அங்கேதான். போகுமுன் அனுமதிக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. தேதியை மாற்றுங்கள்

பழைய திருவிதாங்கூர் காகிதங்களில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு, இருக்கும். ஆங்கில ஆண்டு கிடைக்க, ஆவணி தொடங்கி டிசம்பர் வரை 824 கூட்டுங்கள். ஜனவரி தொடங்கி ஆடி முடிய 825. 1129 ஆடி என்றால் 1954. அதே 1129 ஆவணி என்றால் 1953! ஆண்டு பிறப்பது ஆவணியில் என்பதால் வரும் குழப்பம் இது.

3. நாளிதழ்

சுட்டது 11-ம் தேதி. செய்தியை 12-லிருந்து தேடுங்கள், ஒரு வாரம் விடாமல். தலைப்பைவிட, செய்தியின் முதல் வரியில் இருக்கும் ஊர்ப்பெயர் முக்கியம். மார்த்தாண்டத்துச் சம்பவத்துக்குத் திருவனந்தபுரம் என்று போட்டிருந்தால், நிருபர் இடத்துக்குப் போகாமல் அரசு கொடுத்த அறிக்கையை எழுதியிருக்கலாம். இறந்தவர்கள் எண்ணிக்கை ஏன் இதழுக்கு இதழ் மாறுகிறது என்பது அங்கேதான் புரியும்.

தினமலர் 1951-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பத்திரிகை. இணைப்பின் பக்கம் நின்றது. அதை மட்டும் படித்தால் பாதிக் கதைதான். மலையாள இதழ்களையும் எடுங்கள். படிக்கத் தெரியாதா? விளவங்கோடு பக்கம் யாராவது ஒரு பெரியவரைக் கேளுங்கள், உட்கார்ந்து வாசித்துச் சொல்வார். பழைய தமிழ் இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா நூலகம்.

போட்டோ எடுக்கும்போது முதலில் முழுப் பக்கம், அப்புறம் செய்தி. கோப்புக்கு அன்றே பெயர் வையுங்கள்: 1954-08-12, இதழ், பக்கம்.

4. தந்தி

இந்தத் துப்பாக்கிச் சூட்டுக்காகத் திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுபிள்ளை பதவி விலக வேண்டும் என்று, அவரது பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே நைனி சிறையிலிருந்து தந்தி அடித்தார். வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்கியதால் தந்தியில் காரணம், விளக்கம் எதுவும் இருக்காது. அதனால் வாசகத்தைவிடப் படிவத்தின் ஓரங்களைப் பாருங்கள்: புறப்பட்ட அலுவலகம், கொடுத்த நேரம், சொற்களின் எண்ணிக்கை, வந்து சேர்ந்த இடத்தின் முத்திரை. ஆங்கிலத்தில் கன்னியாகுமரி பெரும்பாலும் கேப் காமரின் என்றே இருக்கும்; இணையத்தில் தேடும்போதும் அந்தப் பெயரைப் போடுங்கள்.

5. புகைப்படம்

என் கணக்கில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். கீழே எழுதியிருக்கும் வருடத்தை நம்பாதீர்கள், படத்துக்குள்ளே தேடுங்கள். கன்னியாகுமரிக் கடலில் பாறை வெறுமனே இருக்கிறதா? 1970-ல் விவேகானந்தர் மண்டபம் திறப்பதற்கு முந்தியது. மண்டபம் இருந்து வள்ளுவர் இல்லையா? 2000 ஜனவரிக்கு முந்தியது. நாகர்கோவிலில் ரயில் தெரிந்தால் 1979 அல்லது அதற்குப் பிறகு. நெய்யூர், நாகர்கோவில் மிஷன் படங்களுக்கு, லண்டன் மிஷனரி சங்கத்தின் ஆவணங்கள் லண்டன் சோவாஸ் (SOAS) கல்வி நிறுவன நூலகத்தில் இருக்கின்றன.

வீட்டு டிரங்குப் பெட்டியில் படம் கிடைத்தால், பின்பக்கத்தில் பெயர்களைப் பென்சிலால் லேசாக எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை அழுந்திவிடும்.

இது முடிந்ததும் அடுத்த தேதி 1936 நவம்பர் 12, திருவிதாங்கூர் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம். சுசீந்திரம் கோயிலில் தொடங்கி, காந்தி திருவிதாங்கூர் வந்த 1937 ஜனவரி வரை போங்கள். கொல்லம் ஆண்டு 1112 என்று வந்தால் கணக்கு சரி.