இளம் காப்பாட்சியர்களுக்கும் தெருவோவியர்களுக்கும் அருங்காட்சியகத்தில் இடம் தருவது எப்படி: மும்பைத் தமிழர்களுக்கான ஒரு வழிகாட்டி

தாராவியிலும் அண்டாப் ஹில்லிலும் சுவரோவியம் தீட்டுகிற, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற தமிழ் இளைஞர்கள் பலரை எனக்குத் தெரியும். சயானில் லோக்கல் ஏறினால் ஆறாவது நிறுத்தமான பைகுளாவில் இருக்கும் டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்துக்குள் அவர்களில் பெரும்பாலோர் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. 1872இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில், இந்நகரத்தின் பல்வேறு சமூகத்தாரையும் தொழில்களையும் காட்டும் களிமண் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. கையால் உழைக்கும் குடும்பத்தில் பிறந்த ஓர் ஓவியர் அவற்றின் முன் நின்றால் அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். அந்தச் சந்திப்பை நிகழச் செய்யும் முறையைத்தான் அருங்காட்சியகப் பணியாளர்களையும் தமிழ் அமைப்புகளில் பொறுப்பில் இருப்பவர்களையும் மனத்தில் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில், காட்சியில் இல்லாத பொருள்களைச் சேமித்து வைக்கும் வைப்பறையைத் திறந்து காட்டுங்கள். வழக்கமாக இளைஞர்களிடம் ஒரு திட்ட வரைவைக் கேட்டு வாங்கிய பிறகே உள்ளே விடுகிறார்கள். பொருள்களைப் பார்க்காதவர் எழுதும் வரைவு எந்த அருங்காட்சியகத்துக்கும் பொருந்தும்படி பொதுவாகத்தான் இருக்கும். மூன்று நாள்களாவது பதிவேட்டுடன் வைப்பறையில் உட்கார வைத்து, விருப்பப்பட்டதைக் கேட்டுப் பார்க்க விட்டு, அதன் பிறகு வரைவைக் கேளுங்கள். அதற்குமுன் அரை நாள் கையாளும் முறையைக் கற்றுக்கொடுத்தால் போதும்: உள்ளே பேனாவுக்குப் பதில் பென்சில், உலோகத்தையும் புகைப்படத்தையும் தொடக் கையுறை, எந்தப் பாத்திரத்தையும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுத்து இரு கைகளாலும் எடுப்பது. பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்கு மறுமொழியாகப் படைக்கும்படி சமகாலக் கலைஞர்களை அழைத்து வந்திருக்கிறது. 2011இல் ஜிதிஷ் கல்லாட் அங்கே தம் படைப்புகளைக் காட்சிப்படுத்தினார். பெயர் பெற்ற கலைஞருக்குப் பயன்பட்ட அதே முறை இருபத்திரண்டு வயதுக்காரருக்கும் பயன்படும், அவருக்குக் கூடுதலாகச் சில நாள்கள் கொடுத்தால்.

அடுத்தது முடிவெடுக்கும் உரிமை. காட்சிக்கான பொருள்களைத் தேர்ந்து அமைக்கும் இளம் காப்பாட்சியருக்குப் பெரிய கூடத்தில் உதவியாளர் வேலை தருவதைவிட, ஒரே ஒரு கண்ணாடிப் பேழையை முழுப் பொறுப்பாகக் கொடுப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். எந்தப் பொருளை வைப்பது, எதை வைக்காமல் விடுவது, விளக்க அட்டையில் என்ன எழுதுவது, மராத்தியோடும் ஆங்கிலத்தோடும் தமிழிலும் எழுதலாமா என்பதையெல்லாம் அவரே தீர்மானிக்கட்டும். மூத்தவர்கள் மறுப்புச் சொல்லக்கூடிய இடங்கள் பொருளின் பாதுகாப்பு, சட்டம் என்ற இரண்டு மட்டுமே என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால், பிறகு ரசனை வேறுபாடு தடையாக மாறாது. மறுக்கும்போது காரணத்தையும் காட்ட வேண்டும். தாளுக்கும் துணிக்கும் 50 லக்ஸ் ஒளிதான் வழக்கமான வரம்பு என்பதை வாயால் சொல்வதைவிட, ஒளிமானியைக் கையில் கொடுத்து, வெளிச்சத்தில் வெளிறிப்போன பழைய துணி ஒன்றை அருகில் வைத்துக் காட்டினால் விளக்கு பற்றிய வாக்குவாதம் அத்துடன் முடிந்துவிடும்.

தெருவோவியர்களோடு வரும் முதல் சிக்கல் ஸ்ப்ரே பெயிண்ட். அதில் உள்ள கரைப்பான்களின் ஆவி மனிதருக்கும் பழம்பொருளுக்கும் ஒவ்வாதது. டப்பாவுக்குள் இருக்கும் வாயுவோ எளிதில் தீப்பற்றுவது. ஆகவே பாதுகாப்பு அலுவலர் மறுப்பது நியாயமே, ஆனால் அந்த மறுப்போடு பேச்சு நின்றுவிடக் கூடாது. பலகைகளை முற்றத்தில் வைத்து வரையச் செய்து, வாடை முழுவதும் போகும்வரை வெளியிலேயே காய விட்டு, பிறகு உள்ளே கொண்டுவரலாம். கட்டடத்துக்குள் வரைந்தே ஆக வேண்டுமென்றால் நீரில் கரையும் அக்ரிலிக் போதும். புதிய பிளைவுட்டிலிருந்து அமில ஆவி வெளிவந்து ஈயத்தையும் சிப்பியையும் அரிக்கும் என்பதால், மூடிய பேழைக்குள் அதை வைக்காதீர்கள். வெளிச்சுவரில் வரைவதானால் சுவரின் உரிமையாளரிடமிருந்து எழுத்து மூலமான அனுமதி வாங்கி, அதன் நகலை ஓவியர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மகாராஷ்டிரத்தில் பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, காவலர் வந்து கேட்கும்போது ஓவியர் பக்கத்தில் நீங்கள் நின்றுகொண்டிருக்க மாட்டீர்கள்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பொருள் செலவு, போக்குவரத்து, ஊதியம் ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே தொகையாகக் கொடுத்தால் பெயிண்ட் வாங்கியே ஊதியம் கரைந்துவிடும். நாள்கூலியை விட்டுவிட்டு வருபவருக்குக் கண்காட்சி முடிந்தபின் காசோலை என்பது பயன்படாது, ஆகவே பாதியையாவது முன்பணமாகக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தை அவருக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் அது கொள்ளப்படும். இதை அறிந்த இளைஞர் 'எல்லா உரிமைகளும் என்றென்றைக்கும்' என்ற வரியின் கீழ் யோசிக்காமல் கையெழுத்திட மாட்டார்.

பெயரும் ஊதியத்தின் ஒரு பகுதிதான். சில ஆண்டுகளுக்கு முன் நான் உதவிய ஒரு கண்காட்சியில், பன்னிரண்டு நாள் உழைத்த ஒருவரின் ஓவியத்துக்கு அருகே 'உள்ளூர் இளைஞர்கள்' என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். அதைப் பார்க்க அவர் தம் தாயை அழைத்து வந்திருந்தார். அன்றிலிருந்து அட்டைகள் அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பெயரையும் உரியவரிடமே எழுத்துக் கூட்டிக் காட்டிச் சரிபார்க்கிறேன்.

தமிழ் அமைப்புகள் செய்யக்கூடிய உதவி பெரும்பாலும் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது. பெண்பிள்ளைகள் வேலை முடித்து எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், உடன் யார் இருப்பார்கள் என்று பெற்றோர் கேட்பார்கள். அருங்காட்சியகத்திடமிருந்து வேலை நேரத்தை எழுதி வாங்கி, தெரிந்த முகமாக நீங்களே போய்ச் சொல்லுங்கள். திறப்பு நாளன்று அந்த இளைஞர்களின் தெருவிலிருந்து ஒரு குழுவை அழைத்து வந்து, காப்பாட்சியராகப் பொறுப்பேற்ற இளைஞரே தமிழில் சுற்றிக் காட்டும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

கண்காட்சி முடிந்தபின் ஓவியம் என்ன ஆகும் என்பதையும் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் அவரைக் கேட்காமலேயே அகற்றப்பட்டுச் சிதைந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2005இல்தான். தற்காலிகச் சுவராக இருந்தால் வெள்ளையடிக்கும் நாளைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஓவியருக்குத் தெரிவித்து, நல்ல ஒளியில் எடுத்த படங்களின் கோப்பை அவரிடம் ஒப்படைத்து, மீதித் தொகையையும் கொடுத்த பிறகே தூரிகையைச் சுவரில் வைக்கச் சொல்லுங்கள்.