நடன உடையில் கல் ஒட்டுவது எப்படி?

பள்ளி ஆண்டு விழாவுக்காக என் மகளின் நீல லைக்ரா சட்டையில் முதன்முதலாகக் கல் ஒட்டினேன். பாட்டு பாதி முடிவதற்குள் கற்கள் மேடையெங்கும் உதிர்ந்துவிட்டன. ஆடிய பிள்ளைகள் எல்லோரும் வெறுங்காலுடன் இருந்தார்கள். பக்கத்தில் ஆடிய சிறுமி பாதத்தில் கல் குத்தியும் நிறுத்தாமல் ஆடி முடித்தாள். அவள் முகம் சுளித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால் கல் உதிராமல் நிற்பதற்கான வழிகளையே இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

கடையில் அடிப்பக்கம் தட்டையான கண்ணாடிக் கல்லாகக் கேட்டு வாங்குங்கள். அக்ரிலிக் கல் விலை குறைவுதான், ஆனால் மேடை விளக்கில் கண்ணாடி அளவுக்கு மின்னாது. அளவை எஸ்எஸ் என்ற எண்ணால் குறிப்பார்கள். எஸ்எஸ் 16 ஏறத்தாழ 4 மில்லிமீட்டர், எஸ்எஸ் 20 ஏறத்தாழ 4.7 மில்லிமீட்டர். தொடங்குபவர்களுக்கு இந்த இரண்டும் போதும். ஒரு குரோஸில் 144 கற்கள் இருக்கும். ஒரு சிறுமியின் சட்டையில் கழுத்துக்கும் கை விளிம்புக்கும் இரண்டு குரோஸ் வாங்கினால் சரியாக இருக்கும். நிறத்தில் குழப்பமே வேண்டாம், வெள்ளைக் கல்லை எடுங்கள். அடர்நிறக் கல் கையில் அழகாக இருக்கும், பின்வரிசையில் இருந்து பார்த்தால் துணியோடு கலந்துவிடும்.

பசையில்தான் பலரும் தவறுகிறார்கள். நொடியில் ஒட்டும் பசை காய்ந்ததும் விறைத்துவிடும். துணி நெளியும்போது கல் விட்டுவிடும். அந்தப் பசை பருத்தித் துணியில் பட்டால் சூடேறிக் கையையே சுட்டுவிடும். காய்ந்த பிறகும் வளைந்துகொடுக்கும் பசைதான் வேண்டும். துணிக்கென்றே விற்கும் பசையோ, இ6000 போன்ற பசையோ வாங்கலாம். இ6000 நெடி கடுமையானது. ஜன்னலைத் திறந்துவைத்து, குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு வேலை செய்யுங்கள். இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி ஒட்டும் கற்களும் கிடைக்கின்றன. பருத்திக்கு அவை பொருந்தும். நெட் துணியும் நைலானும் அந்தச் சூட்டில் சுருங்கிவிடக்கூடும்.

இனி வேலையைத் தொடங்கலாம். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், எனவே ஒருமுறை அலசிக் காயவையுங்கள். பிறகு சட்டைக்குள் ஒரு தடித்த அட்டையை நுழைத்து, அதன்மேல் பாலித்தீன் தாளை விரியுங்கள். பசை மறுபக்கம் ஊறினாலும் முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டிக்கொள்ளாது. லைக்ரா போல இழுபடும் துணி என்றால், பிள்ளை அணியும்போது எவ்வளவு விரியுமோ அந்த அளவுக்கு அட்டை துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும். நான் முதல்முறை செய்யாமல் விட்டது இதைத்தான். தளர்வாகக் கிடந்த துணியில் ஒட்டினேன். உடம்பில் ஏறித் துணி விரிந்ததும் கற்கள் தெறித்தன.

தையல்காரர் சாக்பீஸால் இடங்களைக் குறியுங்கள். நேர்ப்புள்ளிக் கோலம் போல் அடுக்காமல், ஊடுபுள்ளியாக வையுங்கள். குறைந்த கல்லிலேயே இடம் நிறைந்து தெரியும். கழுத்தருகே நெருக்கமாகத் தொடங்கி, கீழே வர வர இடைவெளி விடுங்கள். அக்குள், கை உரசும் விலாப்பக்கம், தரையில் உட்காரும்போது அழுந்தும் பின்பாவாடை ஆகிய இடங்களில் கல் வேண்டவே வேண்டாம்.

ஒரு துளி பசையைப் பல் குத்தும் குச்சியால் எடுத்து வையுங்கள். கல்லை வைத்து லேசாக அழுத்தியதும் அதைச் சுற்றி மெல்லிய வளையமாகப் பசை கசிய வேண்டும். கசியவில்லை என்றால் பசை குறைவு. கல்லின் மேலே ஏறினால் அதிகம், மினுமினுப்பு போய்விடும். கல்லை எடுக்க, இன்னொரு குச்சியின் நுனியில் சிறிது மெழுகை உருட்டி வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து துளிகளுக்கு மேல் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள், கடைசிக் கல்லுக்கு வருவதற்குள் பசை காய்ந்துவிடும்.

அட்டையை எடுக்காமல், உடையைத் தட்டையாகவே ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். இ6000 முழுமையாக இறுக 72 மணி நேரம்கூட ஆகலாம். ஆகவே விழாவுக்கு முந்தின இரவு இந்த வேலையில் இறங்காதீர்கள். ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். காய்ந்த பின் துணியை இழுத்துப் பாருங்கள், ஒவ்வொரு கல்லையும் நகத்தால் நெம்பிப் பாருங்கள். இங்கே வீட்டில் விழுகிற கல் மேடையில் விழாது.

துவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் கையால் அலசினால் போதும். மடிக்கும்போது இடையில் ஒரு பழைய வேட்டித் துண்டை வையுங்கள், கல்லோடு கல் உரசாது. மிச்சக் கற்களையும் பசையையும் அந்த உடையுடனேயே ஒரு சிறு பையில் போட்டு வையுங்கள்.