தகரக் கூரையின் கீழ் ஓர் ஆம்பியன்ட் தொகுப்பு: முதன்முறை பதிவு செய்பவர்களுக்கு

ஷூகேஸ் (shoegaze) 1980களின் இறுதியில் பிரிட்டனில் உருவான கிட்டார் இசை. மேடையில் காலடியில் கிடந்த பெடல்களையே (கிட்டாரின் ஒலியை மாற்றும் மிதிபெட்டிகளையே) பார்த்துக்கொண்டு நின்றவர்களைச் சப்பாத்துப் பார்ப்பவர்கள் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அந்தக் கேலியே பெயராகிவிட்டது. கிளிநொச்சியில் வீட்டுக்குள் சப்பாத்து ஏது? நான் என் கால்விரல்களைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். அந்த இசையில் இருந்து டிரம்ஸையும் பாட்டையும் எடுத்துவிட்டால் ஒரு மூட்டம் மிஞ்சும். அதை வைத்துத்தான் ஆம்பியன்ட், அதாவது பின்னணியில் மெல்லப் பரவிக்கிடக்கும் இசைத் தொகுப்பு ஒன்றைச் செய்யப்போகிறோம். ஒரு கிட்டார், வாசித்ததைச் சற்றுப் பிந்தித் திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் ஒரு டிலே பெடல், கிட்டாரின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் சிறிய ஓடியோ இன்டர்ஃபேஸ், மடிக்கணினி, இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிட்டி மென்பொருள் ஆகியவை போதும்.

முதலில் உறுமலை அடக்க வேண்டும். கிட்டாரைப் பெடல் வழியாக நேரே இன்டர்ஃபேஸில் செருகினால் நாய் குரைப்பதும் ஒழுங்கையில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போவதும் பதிவாகாது. ஆனால் மின்சாரம் பதிவாகும். இங்கே அது 50 ஹெர்ட்ஸ். தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப் அதையும் அதன் மடங்குகளையும் பிடித்துக்கொள்ளும். கதிரையில் இருந்தபடியே கிட்டாரோடு மெல்லத் திரும்புங்கள். ஏதோவொரு திசையில் உறுமல் சட்டென்று தணியும். அங்கேயே கதிரைக்கால்களைச் சுற்றி வெண்கட்டியால் கோடு போட்டுவிடுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பட்டரியில் ஓடவிட்டால் மிச்ச இரைச்சலிலும் பாதி போய்விடும். மின்சாரம் திடீரென்று நின்றாலும் பதிவு தப்பும்.

மென்பொருளில் பதிவின் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். அளவுமானியின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. நான் முதல் நாள் சத்தமாக இருந்தால் நல்லது என்று நினைத்துச் சிவப்பு விளக்கு எரிய எரிய வாசித்தேன். ஒரு மணி நேரப் பதிவு குப்பைக்குப் போனது. அப்படி உடைந்த ஒலியைப் பிறகு ஒட்டவைக்க முடியாது.

இனி வாசிப்பு. கிட்டார் தன்னை ஒரு கிட்டார் என்று காட்டிக்கொடுப்பது தந்தியை மீட்டும் அந்த முதல் நொடியில்தான். அதை மறைத்துவிட்டால் ஒலி எங்கிருந்து வருகிறது என்று கேட்பவருக்குத் தெரியாது. கிட்டாரின் ஒலிக் குமிழைப் பூச்சியத்தில் வையுங்கள். தந்தியை மீட்டுங்கள், ஒன்றும் கேட்காது. உடனே சுண்டுவிரலால் குமிழை மெல்லத் திறவுங்கள், இரண்டு விநாடி எடுத்துக்கொண்டு. அடுத்த மீட்டலுக்கு முன் மூடுங்கள். மூடினாலும் டிலேயின் வால் தொடர்ந்து ஒலிக்கும். சுண்டுவிரல் பழகுவதற்கு எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இரண்டு சுரம் போதும். மூன்றாவதைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும், சேர்க்காதீர்கள்.

இப்படி மூன்று துண்டுகளைப் பதிவு செய்து 17, 23, 29 விநாடிகளுக்கு வெட்டுங்கள். மூன்றையும் தனித்தனித் தடத்தில் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். ஒன்றாகத் தொடங்கிய மூன்றும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 3 மணி 8 நிமிடம் 59 விநாடி ஆகும், பெருக்கிப் பாருங்கள். அதற்குள் ஒரே சேர்க்கை இரண்டு முறை வராது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ விமான நிலையங்களுக்கென்று 1978இல் வெளியிட்ட தொகுப்பில் நீளம் ஒவ்வாத நாடா வளையங்களைக் கொண்டு இதையே செய்தார்.

அடுத்தது தலைகீழ் ரிவேர்ப். ரிவேர்ப் என்பது பெரிய மண்டபத்தில் ஒலி எதிரொலித்து மெல்ல அடங்குவது போன்ற விளைவு. ஒரு துண்டைத் தேர்ந்து பின்னிருந்து முன்னாகத் திருப்புங்கள். அதன் முடிவில் பத்து விநாடி மௌனம் சேருங்கள். சேர்க்காவிட்டால் வால் அறுந்துவிடும், ஆரம்பத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. மௌனத்தையும் சேர்த்துத் தெரிவு செய்து ரிவேர்ப் போடுங்கள். பிறகு முழுவதையும் மறுபடி திருப்புங்கள். இப்போது சுரம் வருவதற்கு முன்பே அதன் எதிரொலி வந்துவிடும்.

ஊரின் ஒலி வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கிறது. கைபேசியைத் தகரக் கூரைக்கு நேர் கீழே வைத்தால் கல்லெறிவது போலத்தான் பதிவாகும். பக்கத்து ஓலைக் கொட்டிலுக்குள் போய், அங்கிருந்து தகரத்தைப் பதிவு செய்யுங்கள். மேல் அதிர்வெண்களைக் குறைத்து, கேட்கிறதா இல்லையா என்ற அளவில் அடியில் போடுங்கள். தவளை நன்றாகச் சேரும். மயில் சேராது, நான் முயன்றேன், யாரோ பூனையை மிதித்தது போல இருந்தது.

கடைசியாக 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். கிட்டாரின் தடித்த தந்தியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது என்பதால் இசைக்கு நட்டமில்லை. முடிவை முப்பது விநாடி மங்கவிட்டு, வேவ் (WAV) கோப்பாக எடுங்கள். மறுநாள் மாங்குளம் போகும் பஸ்ஸில் மலிவான இயர்போனில் கேட்டுப் பாருங்கள். என்ஜின் சத்தத்தில் பாதி கேட்காது. அதற்காக வீட்டுக்கு வந்து ஒலியைக் கூட்டிவிடாதீர்கள்.